இந்தா

"இந்தா."

குரல் உள்ளறையிலிருந்து வந்தது. அவள் சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். "என்னங்க?" என்று கேட்டபடியே கத்தியை வைத்துவிட்டு எழுந்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தச் சொல்லுக்கு இந்தச் சொல் என்று பழகிப்போன வாய். மனசைக் கேட்டுக்கொண்டெல்லாம் அது பதில் சொல்வதில்லை. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு கூடத்தில் பாதி தூரம் வந்த பிறகுதான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூப்பிடுவதற்கு அந்த மனுஷனிடம் குரல் ஏது?

தொண்டையில் வந்த கட்டியோடு சேர்த்துக் குரல் பெட்டியையே எடுத்துவிட்டார்கள். மூச்சு போய்வரக் கழுத்தில் ஒரு துளை, அதன்மேல் மெல்லிசாக ஒரு துணி. "பேச்சு போனா போகட்டும்மா, ஆள் இருக்காரே" என்றார் டாக்டர். பார்க்க வந்தவர்களும் வரிசையாக அதையே சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களுக்கென்ன, அவரவர் வாய் அவரவரிடம் பத்திரமாக இருக்கிறது.

உள்ளறையில், மகன் வேலைக்கு வெளியூர் போனபோது விட்டுவிட்டுப் போன பழைய கம்ப்யூட்டரின் முன்னால் அவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். திரையில் பனிமூட்டம். அதற்குள் ஒரு கல் வாசல், கம்பளி போர்த்திய தாடிக்காரக் காவல்காரன். அவன் ஒரு விளக்கை நீட்டிக்கொண்டு நின்றான். "இந்தா, பிடி. கையில வாங்கிக்கோ" என்றான். அவருடைய குரல். அடித்தொண்டையில் லேசாகக் கரகரத்து, கடைசியில் கொஞ்சம் இழுத்து முடியும் அதே குரல். அவர் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் எதற்காக ஓடிவந்தாள் என்று புரிந்ததும் தோள் குலுங்கச் சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அந்த வீட்டில் வந்த முதல் சிரிப்பு என்பதால் அவளும் சிரித்துவைத்தாள். பிறகு சமையலறைக்குப் போய், வெங்காயம் நறுக்காமலேயே அழுதாள்.

டப்பிங் ஸ்டூடியோவில் அவருக்கு வெண்கலம் என்று பெயர். வில்லன், வக்கீல், கடவுள் மூவருக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவளுக்குக் கும்பல் என்று பெயர். சந்தை இரைச்சல், கல்யாண வீட்டுச் சலசலப்பு, ஆஸ்பத்திரி வராந்தா என்று எங்கெல்லாம் முகம் தெரியாத நாலு பேர் முணுமுணுக்க வேண்டுமோ அங்கெல்லாம் அவள் இருப்பாள். ஒரே தொழில், ஒரே ஸ்டூடியோ, ஒரே வீடு. ஆனால் இருவரும் ஒரு காட்சியில்கூட ஒருவருக்கொருவர் பேசியதில்லை. கடவுளுக்கும் கும்பலுக்கும் நேரடியாக என்ன பேச்சு இருக்கப்போகிறது?

அந்த ஆன்லைன் விளையாட்டுக்குப் பேசப் போனதும் இருவரும் சேர்ந்துதான். ஆடுகிறவர் ஓர் உருவத்தை எடுத்துக்கொண்டு, பேர் வைத்து, ஊர் ஊராகப் போய்ப் பூதங்களோடு மோத வேண்டும். கதை எழுதிய பெண் கொண்டையில் பென்சிலைச் செருகிக்கொண்டு வருவாள். அதனால் அவளுக்கும் பென்சில் என்றே பெயர் நின்றுவிட்டது. மற்ற எழுத்தாளர்களைப்போல் காகிதத்தை அனுப்பிவிட்டு வீட்டில் இருக்கிற ரகம் இல்லை. பேசுகிற அறைக்குள்ளேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வாள்.

"சார், இந்த எடத்துல ஆடுறவங்க பேர் வரணும். எழுத்துல வந்துடும், குரல்ல எப்படி வரும்? லட்சம் பேருக்கு லட்சம் பேரு."

"தம்பின்னு வெச்சுக்கலாமா?"

"பொண்ணுங்களும் ஆடுவாங்களே சார்."

"காகிதத்துல வீரனேன்னு போட்டிருக்கு."

"நாடக மேடையில நிக்கிற மாதிரி இருக்கு. விடுங்க, உங்க வீட்டுல ஒருத்தரக் கூப்பிட்டு ஒரு சாமானக் கையில குடுக்கணும்னா என்ன சொல்லுவீங்க?"

அவர் யோசிக்கவே இல்லை. மைக்கின் முன்னால் கையை நீட்டி, "இந்தா" என்றார்.

அறையின் மூலையில் சந்தை இரைச்சலுக்காகக் காத்திருந்த அவள், "என்னங்க?" என்றாள்.

ரெக்கார்டிங் ஓடிக்கொண்டிருந்தது. அறை முழுக்கச் சிரிப்பு. பென்சில் ஸ்டூலிலிருந்து விழாத குறை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் என்ஜினீயர் — ஊசி விழுந்தாலும் எந்த ஊசி என்று சொல்லக்கூடிய ஆள், காது என்றால்தான் எல்லோருக்கும் தெரியும் — ஹெட்போனில், "நல்ல டேக்கைக் கெடுத்துட்டீங்களே அண்ணி" என்றான். "ஆனா இத நான் அழிக்க மாட்டேன். அண்ணனும் நீங்களும் சேர்ந்து பேசினது இது ஒண்ணுதான்."

அந்தச் சொல்லே நிலைத்தது. கூப்பிடவும் அதே சொல், கொடுக்கவும் அதே சொல். விளக்கை வாங்காமல் ஆள் சும்மா நின்றால் காவல்காரன் என்ன பேசுவான் என்பதையும் பென்சில் அவர் வாயாலேயே பேசவைத்தாள். "என்ன, நின்னுட்டே இருக்க? கால் வலிக்கல?" என்பான். கொஞ்ச நேரம் போனால் ஒரு செருமல். பிறகு, "சரி, நில்லு. எனக்கும் துணை வேணுமில்ல" என்பான். விளக்கை வாங்கிவிட்டால் "போயிட்டு வா" என்று ஒரு வார்த்தை, அதோடு வாசல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அப்புறம் அந்த ஆளிடம் பேசவே மாட்டான்; கதை நகர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

கதை நகர்ந்த லட்சணத்தைத்தான் சொல்ல வேண்டும். முதல் ஊரில் ரொட்டி விற்பவனுக்குக்கூட ஒரு குறும்பு, ஒரு பகை, ஒரு பழைய காதல் இருந்தது. பிறகு கம்பெனிக்காரர்களுக்கு அவசரம் வந்தது. பென்சில் சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டாள். மூன்றாவது ஊருக்கு அப்பால் யாருக்கும் குரலே இல்லை. உதடு மட்டும் அசையும். கீழே பெட்டியில், 'வீரனே, பத்து ஓநாய்களைக் கொன்று வா' என்று எழுத்து ஓடும். ஆடியவர்கள் முதல் ஊரைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள், மற்ற ஊர்களைக் காறித் துப்பினார்கள்.

அவர் ஒருநாள் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்த ஊர்களுக்குக் கூட்டிக்கொண்டு போனார். தெரு நிறைய ஜனம். செருப்புச் சத்தம் கேட்கிறது, வண்டிச் சக்கரம் கேட்கிறது, ஒருத்தன் வாயிலிருந்தும் சத்தமில்லை. ஒரு கிழவி வழியை மறித்து நின்று வாயைத் திறந்து திறந்து மூடினாள். இவள் திரையிலிருந்து கண்ணை எடுத்துப் பக்கத்தில் பார்த்தாள். அவர் கிழவிக்கு என்னவோ பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் உதடும் அப்படியே திறந்து திறந்து மூடியது.

"நமக்கு இந்த ஊரு வேணாங்க" என்று அவர் கையைப் பிடித்தாள். அன்றைக்குக் கம்ப்யூட்டரை அணைத்தவர் அதற்கப்புறம் அதன் பக்கமே போகவில்லை.

போனது அவள்.

முதலில் தூசி துடைக்கத்தான் போனாள். பிறகு மத்தியானம் அவர் கண்ணயர்ந்ததும் போய் உட்கார்வது வழக்கமாயிற்று. சால்வை போட்ட ஒரு பெண் உருவத்தை எடுத்துக்கொண்டு நேராக வாசலுக்கு நடப்பாள். வழியில் சந்தை வரும். அதில் வாழ்நாளெல்லாம் தான் பேசிய பேச்சு அத்தனையும் பேரம் பேசிக்கொண்டிருக்கும். தன் குரலைத் தானே தள்ளிக்கொண்டு போவாள். காவல்காரனின் முன்னால் போய் நிற்பாள். விளக்கை மட்டும் வாங்க மாட்டாள்.

"இந்தா."

"என்னங்க?"

"என்ன, நின்னுட்டே இருக்க? கால் வலிக்கல?"

"வலிக்குதுங்க. முட்டிதான் ரொம்பப் படுத்துது."

பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரியும். நாலே நாலு வரி; திரும்பத் திரும்ப அதேதான். ஆனால் வீட்டுக்காரனோடு பேசுவதற்கு நாலு வரிக்கு மேல் எந்தப் பெண்ணுக்கு வாய்த்திருக்கிறது? அந்தக் குரல் காதில் விழுந்ததும் உடம்பு தளர்ந்தது. அது அவளுக்கு வேண்டியிருந்தது. பசி மாதிரி வேண்டியிருந்தது.

ஒரு மத்தியானம் செருமல் வந்தது. அடுத்து 'சரி, நில்லு' வர வேண்டும். வரவில்லை.

"இந்தா, அடுப்புல என்ன வெச்சிருக்க?" என்றான் காவல்காரன்.

"ஐயோ, பாலு!" என்று ஓடினாள். பொங்கி வழிந்து அடுப்பு அணைந்து, சமையலறை முழுக்க கேஸ் நாற்றம். ஜன்னலைத் திறந்து, கேஸைத் திருகி மூடி, மேடையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் அவன் கேட்டது என்ன என்று அவளுக்கு உறைத்தது. ரெக்கார்டிங் அன்றைக்கு அவர் இப்படியும் ஒரு வரி பேசியிருப்பார் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அவர் எழுந்ததும் கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, இல்லை என்று தலையாட்டினார்.

பயந்திருந்தால் விட்டிருக்கலாம். அவள் பயந்தாள்தான், விடவில்லை. அடுத்த நாளும் போனாள். அப்படி இருந்தபோதுதான், தூங்கி எழுந்தவர் தண்ணீருக்காக எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் தட்டினார். அந்த வீட்டில் இப்போது அதுதான் அவர் குரல். தட்டுவது காதில் விழுகிற தூரத்தில் எப்போதும் ஆள் இருக்க வேண்டும், துளையில் சளி அடைத்துக்கொண்டால் உடனே எடுக்க வேண்டும், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

"இருங்க, அவரு கூப்பிடுறாரு" என்றாள் அவள், திரும்பாமலே.

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். கதவருகே அவர் டம்ளரும் கையுமாக நின்றிருந்தார். இத்தனை நாளும் திரையில் இருந்தவன் 'அவன்'. இன்றைக்கு அவனிடம் 'இருங்க' என்றாள், புருஷன் யாரோ ஒரு 'அவரு' ஆகிவிட்டார். அந்த ஒரு சொல் அவர் முகத்தில் போய் விழுந்ததை அவள் பார்த்தாள்.

அந்த வாரம் காது வந்தான், ஆப்பிள் பையும் அசட்டுச் சிரிப்புமாக. விசாரிப்பு முடிந்ததும் விஷயத்துக்கு வந்தான்.

"அண்ணே, கம்பெனி இப்ப கொஞ்சம் தலையெடுத்திருக்கு. அடுத்த ஊருங்களுக்கும் குரல் போடப் போறாங்க. காவல்காரன் கடைசி வரைக்கும் வர்றான். உங்க பழைய பேச்சை வெச்சே கம்ப்யூட்டர் புதுசாப் பேசிடும். நீங்க சரின்னு தலையாட்டினாப் போதும்."

அவர் தலையாட்டவில்லை. அவளைப் பார்த்தார். அவள் அவசரமாக டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். புது வரிகள். நாலு அல்ல, நானூறு. நெஞ்சு அடித்துக்கொண்டது, சந்தோஷத்தில்தான், அதை மறைப்பானேன்.

காது கிளம்பும்போது வாசல் வரை போய், "ஏம்ப்பா, அடுப்புல என்ன வெச்சிருக்கன்னு காவல்காரன் ஒரு வரி சொல்றானே, அது என்னைக்கு எடுத்தது?" என்று கேட்டாள்.

"அடுப்பா? மலைவாசல்ல நிக்கிறவனுக்கு அடுப்பு எங்க அண்ணி? அப்படி வரியே இல்ல." சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

உள்ளே வந்தபோது அவர் சின்னப் பிள்ளைகள் எழுதி அழிக்கிற பலகையை மடியில் வைத்திருந்தார். இரண்டே சொல் எழுதியிருந்தார்.

'எவன் வேணும்?'

"என்ன பேச்சு இது, வயசான காலத்துல" என்றாள். அவர் பலகையை இறக்கவில்லை. அவள் அதை வாங்கித் துடைத்துவிட்டுப் போர்வை மடிக்கப் போனாள்.  பதில் சொல்லியிருந்தால் பொய் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

இரண்டு நாள் தாக்குப்பிடித்தாள். மூன்றாம் நாள் மத்தியானம் அவர் படுத்ததும் போய் உட்கார்ந்தாள். சந்தையைத் தாண்டி, வாசலுக்கு வந்து, அவன் முன்னால் நின்றாள்.

"இந்தா."

"என்னங்க?"

பின்னால், கூடத்துக்கு அந்தப் பக்கம், டம்ளர் தட்டுகிற சத்தம் கேட்டது. கேட்கவில்லை என்று அவளால் பின்னாலும் சொல்லிக்கொள்ள முடியவில்லை, நன்றாகக் கேட்டது. தண்ணீராக இருக்கும் என்று நினைத்தாள். எழுந்திருக்க நாற்காலியைத் தள்ளினாள்.

"இந்தா, எங்க போற?"

நின்றுவிட்டாள்.

"தோ, வந்துடுறேங்க..."

"சரி, நில்லு. எனக்கும் துணை வேணுமில்ல."

டம்ளர் வேகமாகத் தட்டியது. தாறுமாறாகத் தட்டியது. அவள் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். காவல்காரனின் கண் அவள் உருவத்தைப் பார்க்காமல், அதன் தோளுக்கு மேலாக அவளைப் பார்ப்பதுபோல் இருந்தது. ஒரே ஒரு நிமிஷம், இன்னும் ஒரு வரி, கேட்டுவிட்டுப் போகலாம் என்று நினைத்தாள்.

தட்டுவது நின்றுபோனது.

அந்த அமைதிதான் அவளைத் திருப்பியது. கதவருகே தரையில் அவர் முட்டிபோட்டு விழுந்திருந்தார். டம்ளர் உருண்டு சுவரோரம் கிடந்தது. முகம் கறுத்து, கண் பிதுங்கி, கழுத்துத் துணியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். அவள் ஓடிப்போய் உப்புத் தண்ணீரையும் இடுக்கியையும் எடுத்துவந்து, அவர் தலையை மடியில் சாய்த்து, துளையில் சொட்டு விட்டு, நர்ஸ் காட்டிக்கொடுத்தபடி இழுத்தாள். வரவில்லை. மறுபடி விட்டு மறுபடி இழுத்தாள். காய்ந்து இறுகிய சளிக்கட்டி கையோடு வந்தது. விசில் அடித்த மாதிரி மூச்சு உள்ளே போனது. அத்தனை நேரமும் முதுகுக்குப் பின்னால் அந்தக் குரல் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. இந்தா. இந்தா. இந்தா.

அவர் மூச்சு ஒரு நிதானத்துக்கு வந்ததும் அவரைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்தாள். எழுந்து கம்ப்யூட்டருக்குப் போனாள்.

"இந்தா, பிடி" என்றான் அவன்.

"குடுங்க" என்றாள். மவுஸை அழுத்தினாள். விளக்கு சால்வைக்காரியின் கைக்கு வந்தது.

"போயிட்டு வா" என்றான் காவல்காரன். முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டான். அவ்வளவுதான். அவள் கம்ப்யூட்டரை அணைத்து, வயரையும் சுவரிலிருந்து பிடுங்கி, சுருட்டி அலமாரியில் போட்டாள். காதுக்குப் போன் போட்டு, "வேணாம்ப்பா, அண்ணன் குரல வெச்சு ஒண்ணும் பண்ண வேணாம்" என்றாள். போனை வைத்ததும் அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, "என்ன மன்னிச்சிடுங்க" என்று அவர் தோளில் முகத்தை வைத்து வாய்விட்டு அழுதாள். அவர் அவள் முதுகில் மெதுவாகத் தட்டினார். சின்னதாக ஒன்று, அழுத்தி ஒன்று. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது என்ன என்று அவளுக்குப் புரிந்தது. இந், தா.

"என்னங்க?" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

அதிலிருந்து டம்ளரும் அப்படித்தான் கூப்பிட்டது. சின்னதாக ஒன்று, அழுத்தி ஒன்று. எங்கிருந்தாலும் அவளுக்குக் கேட்டது, குளிக்கும்போதுகூடக் கேட்டது. உள்ளறைக் கதவைச் சாத்தியே வைத்திருந்தார்கள். வீடு மெல்ல மெல்ல ஒரு வழிக்கு வந்தது. இப்போதெல்லாம் அவர் சமையலறையிலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். உப்பு போதுமா என்று அவள் கேட்டால் போதாது என்று உதட்டைப் பிதுக்கினார். போதும் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை, பேச்சு இருந்த காலத்திலும்.

அன்று சாயங்காலம் இருவரும் பீன்ஸ் நறுக்க உட்கார்ந்திருந்தார்கள். அவர் நாரை உரித்துக் கொடுக்க, அவள் நறுக்கினாள். பக்கத்து வீட்டு டிவியில் யாரோ யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று கரண்ட் போனது. டிவி நின்றது, ஃப்ரிட்ஜ் ஒரு தடவை உறுமிவிட்டு அடங்கியது. இன்னும் வெளிச்சம் இருந்தது; ஜன்னல் வழியாக ஒரு பழுத்த வெயில் அவர் மடியில் விழுந்துகிடந்தது. ஊரே வாயை மூடிக்கொண்ட மாதிரி இருந்தது.

"இந்தா."

சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது. அடித்தொண்டையில் லேசாகக் கரகரத்து, கடைசியில் கொஞ்சம் இழுத்து.

அவர் கையிலிருந்த பீன்ஸ் நழுவிக் கீழே விழுந்தது. தனக்கு மட்டும் கேட்டதல்ல என்று அப்போது அவளுக்குத் தெரிந்தது. அவர் எதிரேதான் இருக்கிறார், கண்ணுக்குக் கண் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் மனசைக் கேட்டுக்கொண்டா அவள் வாய் பதில் சொல்கிறது? அது தானாகத் திறந்தது.

அவர் பாய்ந்து உள்ளங்கையால் அவள் வாயைப் பொத்தினார். பச்சைப் பீன்ஸ் வாசம். கழுத்துத் துளையில் அவர் மூச்சு விசில் அடித்தது. சொல் உதட்டு நுனிவரை வந்து, அந்தக் கைக்கு அடியிலேயே நின்றுபோனது. அவள் இரண்டு கையாலும் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், எடுத்துவிடாதீர்கள் என்பதுபோல. இருவரும் அசையவில்லை.

உள்ளறைக்குள், வயர் இல்லாத இருட்டுக்குள், யாரோ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள்.

"என்னங்க?" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது, அவளுடைய குரலில்.